கைமருந்தும் உப்புக் கரைசலும்



கோடை முடிந்து முதல் மழை இறங்கும் நாட்களில் நமது ஊர்களுக்கு அழையா விருந்தாளி ஒருவன் வருவதுண்டு. கிணற்றிலும் குழாயிலும் கலங்கல் நீர் சேரும். பண்டங்களில் ஈ மொய்க்கும். வீட்டுக்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார். கழிச்சல், பேதி, வயிற்றுப்போக்கு என்று பலவாறு அழைக்கிறோம். சளியும் இரத்தமும் கலந்தால் சீதபேதி என்கிறோம். வாந்தியும் சேர்ந்து ஆளையே உருக்கினால் வாந்திபேதி என்கிறோம்.

இது குறித்து ஓர் இளந்தாய் நமக்கு எழுதிய கடிதத்தின் சாரத்தை இங்கே தருகிறோம். பெயரும் ஊரும் வேண்டா. "சுவாமி அவர்களுக்கு ஸ்தோத்திரம். என் பத்து மாதக் குழந்தைக்குப் பேதி கண்டது. மாதுளை ஓட்டை அரைத்துக் கொடு, தண்ணீரையும் பாலையும் நிறுத்து என்கிறார்கள் அத்தை. சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தந்து, பாலை நிறுத்தவே கூடாது என்கிறார்கள். இந்தப் பேச்சில் வீட்டில் மனத்தாங்கல் வந்துவிட்டது. யார் சொல்வது சரி?"

கேள்வி ஒரு வீட்டினுடையதானாலும் பல வீடுகளுக்கு உரியது. அத்தையின் கையில் இருப்பது வெறும் மூடநம்பிக்கை அன்று; பல தலைமுறையின் அனுபவம். செவிலியரின் கையில் இருப்பது வெறும் பொட்டலம் அன்று; கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த அறிவு. ஆனால் இவ்விரண்டில் எது முதலில், எது பின்னர் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு தவறினால் குழந்தையை இழக்க நேரிடும். ஆதலால் இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

உயிரைக் கொண்டுபோவது எது?

பேதியில் மனிதன் இறப்பது, பெரும்பாலும், வயிறு புண்ணானதால் அன்று; உடலின் நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால். வளர்ந்தவர் உடலில் ஓரளவு நீர் குறைந்தாலும் தாங்கும். கைக்குழந்தையின் உடலோ சிறு குடம். ஓட்டை விழுந்தால் சில மணி நேரத்திலேயே வற்றிவிடும். கண் குழிவிழும், நாக்கு உலரும், அழுதால் கண்ணீர் வராது, சிறுநீர் நின்றுபோகும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பும், பிறகு குழந்தை துவண்டு உறங்கத் தொடங்கும். "அழுகை அடங்கித் தூங்குகிறது, குணமாகிவிட்டது" என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் அந்த நேரமே பேராபத்தான நேரம்.

குருத்துவப் பணியில் சிறிய பெட்டிகளுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் வரை நாம் நடந்த நாட்கள் உண்டு. அவற்றுள் சில, ஒரு குவளைக் கரைசல் வேளையோடு கிடைத்திருந்தால் நடந்திருக்க வேண்டாதவை. உலக சுகாதார நிறுவனம் 2024இல் தந்த கணக்கின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு 4,40,000க்கும் மேற்பட்டோர் உலகெங்கும் பேதியால் இறக்கின்றனர். எனவே இது பாட்டி வைத்தியம் பற்றிய பொழுதுபோக்குப் பேச்சு அன்று.

துவர்ப்பின் குணம்

நம் முன்னோர் பேதிக்குத் தேர்ந்த மூலிகைகளைச் சற்று வரிசைப்படுத்திப் பாருங்கள். மாதுளம்பழத்தின் ஓடு, கொய்யாத் துளிர், வில்வப் பிஞ்சு, நாவல் பட்டை, மாம்பருப்பு, மாசிக்காய். இவை வெவ்வேறு மரங்களைச் சார்ந்தவை. ஆயினும் வாயில் இட்டுப் பார்த்தால் அனைத்திலும் ஒரு சுவை ஓங்கி நிற்கும், அதுவே துவர்ப்பு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் தந்த நம்மவர், அது வயிற்றைக் கட்டும் என்பதையும் நாவினாலேயே கண்டறிந்திருந்தனர்.

இத்துவர்ப்புக்குக் காரணமான பொருளை வேதிநூலார் டானின் என்பர். அது புரதத்தைப் பற்றி இறுக்கும் இயல்புடையது. திண்டுக்கல், வாணியம்பாடி போன்ற ஊர்களில் தோல் பதனிடுதலைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையின் துவர்ப்பு ஏறித்தானே அக்காலத்தில் பச்சைத் தோல் பதமானது! அதே துவர்ப்பு, மென்மையான அளவில், குடலின் உட்பரப்பில் படிந்து நீர்க் கசிவைச் சற்றுக் குறைக்கிறது.

மாதுளை நம் வேதாகமத்திலும் இடம்பெற்ற மரம்; ஆரோனின் அங்கியின் விளிம்பை அழகு செய்தவை மாதுளங்கனி வடிவங்களே. அதன் பழ ஓட்டை உலர்த்திக் கஷாயமாக்குவது நம் வழக்கம். ஆனால் ஓடு வேறு, வேர்ப்பட்டை வேறு. வேர்ப்பட்டையில் நஞ்சுத் தன்மையுள்ள காரப் பொருள்கள் உள்ளன. குடலின் நாடாப்புழுவை வெளியேற்ற அதனை முற்காலத்தில் பயன்படுத்தினர். ஒரே மரம்தானே என்று வேரைச் சேர்த்துக் காய்ச்சுவது கேட்டில் முடியும்.

வில்வத்தில் கனியை விடப் பிஞ்சே பேதிக்கு உரியது. முற்றாத காயை அரிந்து உலர்த்தி வைப்பர். கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் வெளியிட்ட தம் நூலில் இக்காயை வங்காளத்து மார்மெலோ என்று குறித்து, சீதபேதிக்கு அது பயன்படுவதையும் எழுதினார். மார்மெலோ என்பது அவர்கள் நாட்டுப் பழம் ஒன்றின் பெயர். அதனால்தான் வில்வத்தின் அறிவியற் பெயரில் இன்றும் மார்மெலோஸ் என்ற சொல் ஒட்டியிருக்கிறது. 2009இல் மும்பை ஆய்வாளர்கள் வில்வக்காய்க் கஷாயத்தைச் சோதித்தபோது, அது கிருமிகளைப் பெரிதாகக் கொல்லவில்லை. ஆனால் அவை குடற்சுவரில் ஒட்டுவதையும் அவற்றின் நச்சு வேலை செய்வதையும் தடுக்கக் கண்டனர். இவை சோதனைக் கூடத்து முடிவுகள். குழந்தைக்கு இதுவே போதும் என்பதற்குச் சான்றுகள் அல்ல. இருப்பினும் நம் பாட்டிமார் வீணாக வில்வக்காயை உலர்த்தவில்லை என்பதற்கு இவை சாட்சி.

ஒரு நூலும் ஒரு துறவியும்

சீதபேதிக்குப் பெயர்பெற்ற மற்றொரு மரம் குடசப்பாலை. கைப்பு மிகுந்த அதன் பட்டையும் விதையும் மருந்துச் சரக்குகள். ஆம்ஸ்டர்டாம் நகரில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் பெருநூலின் முதல் தொகுதியிலேயே இம்மரம் படத்துடன் இடம்பெற்றுள்ளது.

அந்நூல் உருவான கதையைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அறிந்திருப்பது நன்று. அதனை முன்னின்று ஆக்குவித்தவர் கொச்சியின் டச்சு ஆளுநர் ஹென்றிக் வான் ரீடு. அவர் சீர்திருத்த சபையைச் சார்ந்தவர். மூலிகைகளின் குணங்களைச் சொன்னவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். அவரோடு ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணிப் பிராமணர் மூவர் துணை நின்றனர். தொடக்கத்தில் செடிகளை வரைந்தும் விளக்கியும் உதவியவர் இத்தாலியக் கார்மேல் சபைத் துறவியான மத்தேயு அடிகளார். சாதியும் சமயமும் மனிதரைக் கூறுபோட்ட அக்காலத்தில், நோயாளியின் நலனை முன்னிட்டு இத்தனை பேர் ஒரு பணியில் இணைந்தனர். இலத்தீனில் இருந்த அந்நூலைக் கேரளத்துத் தாவரவியல் அறிஞர் கே.எஸ். மணிலால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆங்கிலமாக்கி 2003இல் வெளிவரச் செய்தார்.

குடசப்பாலை தரும் பாடம் இன்னொன்றும் உண்டு. அதனைப் போலவே தோன்றும் மற்றொரு மரம் வெட்பாலை. தோல் நோய்க்கான தைலத்துக்கு உதவுவது இது. பெயரும் தோற்றமும் நெருங்கியிருப்பதால் இரண்டையும் மாற்றிக்கொள்வோர் பலர். தலைச்சேரிப் பட்டை என்ற பெயரில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய குடசப்பாலை அங்கே மதிப்பிழந்ததற்கு, வெட்பாலைப் பட்டை அதில் கலந்ததே காரணம் என்பர். மரம் மாறினால் மருந்தும் மாறும். "பக்கத்து வீட்டில் சொன்னார்கள்" என்று வேலியோரத்துச் செடியைப் பறிப்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்தம் கலந்த பேதிக்கு வீட்டிலேயே பட்டை காய்ச்சிக்கொண்டிருக்கலாகாது. மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

கொய்யா வந்த வழி

இனிக் கொய்யாவுக்கு வருவோம். வயிறு சரியில்லையென்றால் நாலைந்து கொய்யாத் துளிரை உப்போடு மென்று விழுங்குவது நம் ஊர்களில் பெரியவர்களின் வழக்கம். இதனை நாம் ஆதிகால வைத்தியம் என்று எண்ணுகிறோம். ஆனால் கொய்யா நம் நாட்டு மரமே அன்று! அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அது, போர்த்துகீசியர் காலத்தில் கடல் கடந்து இங்கே வந்தது. மெக்சிகோ நாட்டிலும் மக்கள் அதன் இலையைப் பேதிக்கே பயன்படுத்தி வந்தனர். அங்குள்ள ஆய்வாளர்கள் அதில் உள்ள குவெர்செட்டின் என்னும் பொருள் குடலின் இசிவைத் தணிப்பதைக் கண்டு, 2002இல் நோயாளிகளிடம் சோதித்து வயிற்றுவலி குறைவதையும் எழுதினர்.

இதிலிருந்து நாம் உணர வேண்டியது என்ன? புதிதாக வந்த ஒரு மரத்தின் இலையை நம் பாட்டிமார் முகர்ந்து, சுவைத்து, சோதித்து, நல்லது என்று கண்டபின் தங்கள் மருந்துப் பெட்டியில் சேர்த்துக்கொண்டனர். அந்நியச் சரக்கு என்று ஒதுக்கவில்லை. மரபு என்பது பூட்டிய பெட்டி அன்று. நல்லதைக் கண்டால் ஏற்கும் வாசல். கொய்யாத் துளிரை ஏற்ற அதே மரபு உப்புக் கரைசலையும் ஏற்பதில் முரண்பாடு ஏதும் இல்லை. உண்மையில் அதுவே மரபுக்கு நாம் காட்டும் மரியாதை.

கரைசலின் கதை

1960இல் பிராகு நகரில் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் ஒரு நுட்பத்தை விளக்கினார். குடற்சுவரில் உப்புக்கும் சர்க்கரைக்கும் பொதுவான ஒரு வாயில் உண்டு. இரண்டும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே செல்லும்போது நீரும் உடன் செல்லும். வாந்திபேதியின் நச்சு குடலிலிருந்து நீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதும் இந்த வாயில் மட்டும் பழுதாவதில்லை. வெறும் தண்ணீர் போதாமைக்கும், சர்க்கரையும் உப்பும் அளவோடு சேர்ந்த நீர் உயிர் காப்பதற்கும் காரணம் இதுவே.

1971ஆம் ஆண்டு. கிழக்குப் பாகிஸ்தானின் போரிலிருந்து தப்பி இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்தின் எல்லையில் குவிந்தனர். பங்காவ் என்னும் ஊரில் வாந்திபேதி பரவியது. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் உப்புநீரோ தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் துணிந்து ஒரு முடிவு செய்தார். உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை அளவோடு கலந்து பெரும் பாத்திரங்களில் நிரப்பி, நோயாளிகளின் தாய்மாரிடமும் உறவினரிடமும் குவளைகளைத் தந்து ஊட்டச் செய்தார். 100க்கு 30 பேர் வரை இறந்த நிலை மாறி, அக்கரைசல் பெற்றவர்களிடையே இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பெற்றது.

நாம் வியப்பது மருந்தை மட்டும் அன்று. அங்கே உயிர் காத்த கைகள் படித்த கைகள் அல்ல, தாய்மாரின் கைகள். பின்னர் பங்களாதேஷில் 1980 முதல் பத்தாண்டுகள், பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, ஒரு சிட்டிகை உப்பையும் ஒரு கைப்பிடி வெல்லத்தையும் அரை சேர் நீரில் கலக்கும் முறையைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கற்பித்தனர். இன்று அதுவே அந்நாட்டுப் பாட்டிமாரின் கைமருந்து!

நம் கஞ்சித் தண்ணீரும் இதற்கு உறவே. அரிசியின் மாவுப்பொருள் குடலில் மெல்ல மெல்லச் சர்க்கரையாகிறது. தாக்கா நகரின் மருத்துவர்கள் 1980களில் அரிசி மாவினால் ஆன கரைசலைச் சோதித்து, வாந்திபேதியில் அது நன்கு பயன்படக் கண்டனர். ஆகவே பொட்டலம் கையில் வரும்வரை உப்பிட்ட கஞ்சியும் உப்பிட்ட நீர்மோரும் தாராளமாகத் தரலாம். இளநீரும் நல்லதே, ஆனால் அதில் சோடியம் குறைவு. எனவே கடும் பேதிக்கு அது மட்டும் போதாது.

எச்சரிக்கைகள்

உரைமருந்து நம் வீடுகளில் பழகியது. அதில் சேரும் வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று செல்லமாக அழைப்பர். ஆனால் இந்நாட்டு வசம்பில் மிகுந்துள்ள ஆசரோன் என்னும் பொருள் எலிகளுக்குப் புற்று உண்டாக்கியது என்று கண்டு, 1968இல் அமெரிக்க அரசு உணவில் வசம்பைத் தடை செய்தது. சாதிக்காய் அளவு மீறினால் மயக்கமும் மனக்குழப்பமும் தரும். அபினைப் பற்றிச் சொல்லவே வேண்டா. குழந்தையின் மூச்சையே அது நிறுத்திவிடும். பேதியை நிறுத்தும் மாத்திரைகளையும் குழந்தைக்குத் தாமாக வாங்கித் தரலாகாது.

கடைகளில் வண்ணப் பெட்டிகளில் விற்கும் இனிப்புப் பானங்களும் கரைசல் ஆகா. சர்க்கரை மிகுந்த பானம் பேதியை மேலும் பெருக்கும். முறையான கலவை அல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கலாகாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பெயரைப் பார்த்து ஏமாறாமல், உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஆனது என்ற குறிப்பைப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. முதல் கழிச்சலிலேயே கரைசலைத் தொடங்குங்கள். 1 லிட்டருக்குரிய பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் முழுவதும் கரையுங்கள். நீரைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டா. 24 மணி நேரத்துக்குப் பின் மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

2. பொட்டலம் இல்லையேல், 1 லிட்டர் நீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேருங்கள். உப்பு மிகுந்தால் ஆபத்து. கண்ணீரை விட உவர்ப்பாக இருத்தல் கூடாது.

3. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு கழிச்சலுக்குப் பின்னும் 50 முதல் 100 மி.லி.; அதற்கு மேற்பட்டோருக்கு 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

4. தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். உண்ணும் குழந்தைக்கு உணவையும் நிறுத்தாதீர்கள்.

5. சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரையை 14 நாட்களும் கொடுங்கள். 2 முதல் 6 மாதம் வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. பேதி நின்றாலும் மாத்திரையை நிறுத்த வேண்டா.

6. முன்பு சொன்ன வற்றல் அறிகுறிகள், இரத்தம் கலந்த பேதி, கடும் காய்ச்சல், எதையும் குடிக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனை செல்லுங்கள். வழியிலும் கரைசலை ஊட்டிக்கொண்டே செல்லுங்கள்.

7. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2016 முதல் படிப்படியாக நம் நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்துள்ளது. 6, 10, 14ஆம் வாரங்களில் தவறாமல் கொடுங்கள். சோப்பிட்டுக் கை கழுவுதலும், மூடி வைத்த குடிநீரும், கழிப்பறையும் எந்த மூலிகையையும் விடப் பெரிய காப்பு.

மூத்தோரும் இளையோரும்

சீராக் ஞான ஆகமத்தின் 38ஆம் அதிகாரம், மருந்தைப் பூமியிலிருந்து தோற்றுவிப்பவர் ஆண்டவரே என்றும், மருத்துவருக்கு உரிய இடத்தைத் தர வேண்டும் என்றும் போதிக்கிறது. மண்ணில் முளைத்த மூலிகையும், அதை ஆராயும் மனித அறிவும் ஒரே கையின் கொடைகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை இகழ்வது விசுவாசத்துக்கு அழகன்று. செபிக்கிறோம் என்று சொல்லி மருத்துவரைத் தவிர்ப்பதும் அவ்வாறே.

ஆதலால் மருமக்களே, அத்தையின் மாதுளை ஓட்டை ஏளனம் செய்யாதீர்கள். அதில் அன்பும் அனுபவமும் உண்டு. பெரியவர்களுக்கு எளிய கழிச்சல் கண்டால், கரைசலோடு துணையாக அந்தக் கஷாயமும் இருக்கட்டும். மாமியார்களே, பத்து மாதக் குழந்தைக்குக் கஷாயம் வேண்டா. தண்ணீரையும் பாலையும் நிறுத்தவே வேண்டா. வற்றும் குடத்துக்கு முதலில் வேண்டியது நீர். பால் கொடுத்துப் பிள்ளை வளர்த்த உங்கள் கைகளே கரைசலை ஊட்டுவதற்கும் ஏற்ற கைகள். இரவு முழுதும் கரண்டி கரண்டியாக ஊட்டும் பொறுமை பல வேளைகளில் இளையோரை விட உங்களுக்கே உண்டு.

ஒவ்வோர் அன்பியத்திலும் மாதர் சங்கத்திலும் இம்மாதக் கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கி, கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்துக் கரைசல் கலக்கும் முறையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பாட்டிமாரை முன்வரிசையில் அமர்த்துங்கள். வீட்டுக்கு இரண்டு பொட்டலங்கள், பீடத்துக்கு அருகே உள்ள மெழுகுவர்த்திப் பெட்டியைப் போல, எந்நேரமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நமது பங்கில் இனி ஒரு குழந்தையும் தாகத்தால் இறக்கலாகாது.